இருபதுகளில் போன பயணத்தை நாற்பதுகளில் திட்டமிடும்போது

பரணில் இருந்து பழைய முதுகுப்பையை இறக்கினேன். பக்க ஜிப் இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக இழுத்ததும், மை மங்கிய ஹோசப்பேட்டை டவுன் பஸ் டிக்கெட் ஒன்று உள்ளே கிடந்தது. 2004-ல் நானும் கல்லூரி நண்பனும் ஹம்பிக்குப் போன பயணத்தின் மிச்சம். அதைக் கையில் எடுத்ததும் மறுபடி கிளம்பத் தோன்றியது. இந்த ஆசை வரவேண்டியதுதான், ஆனால் அதோடு சேர்ந்து சில தவறுகளும் வருகின்றன, நானே செய்தவையும் உண்டு.

பழைய இடத்தைத் தேடிப் போவதுதான் பெரிய தவறு. ஐந்து வருடம் முன்பு ஹம்பிக்குத் திரும்பப் போனேன். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ், காலையில் ஹோசப்பேட்டை, எல்லாம் அதே மாதிரிதான். ஆனால் விருபாட்சர் கோயில் முன்னால் கடைத்தெரு மண்டபங்களில் குடியிருந்தவர்களை 2011-லேயே காலி செய்துவிட்டார்கள். துங்கபத்திரைக்கு அக்கரையில், நாங்கள் வயலைப் பார்த்தபடி ஒரு வாரம் கிடந்த விருபாபுர கட்டி என்ற இடத்தில் இருந்த விடுதிகளை எல்லாம் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை, படித்திருந்தேன், இருந்தாலும் கரையில் நின்று அந்த இடத்தையே தேடித்தேடி இரண்டு நாளை வீணடித்தேன். மூன்றாம் நாள் ஆனெகுந்திப் பக்கம் நடந்தபோதுதான் ஹம்பி மறுபடி கிடைத்தது. பழைய ஊருக்குப் போகலாம், ஆனால் அன்றைக்குப் பார்க்காத பக்கத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

அடுத்தது உடம்பு. ஹம்பியில் மதங்க மலை ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், முழங்கால் வலிப்பதோ இறங்கும்போது. அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள், புது ஷூவையும் அப்போதே போட்டு நடங்கள்.

இமயமலைப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். "தினமும் ஜிம்முக்குப் போகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பதைப் போல ஆபத்தான நம்பிக்கை இல்லை. லடாக்கில் இருக்கும் லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். டெல்லியில் இருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுகிறோம், காற்றழுத்தக் குறைவுக்குப் பழக உடம்புக்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும், உடற்பயிற்சி அதைக் குறைக்காது. முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகரக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறவே கூடாது, கூடிக்கொண்டே போனால் உடனே கீழே இறங்கவேண்டும். உயரத்தால் வரும் இந்தத் தொந்தரவுக்கு எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தாலோ பிரஷர் மாத்திரை எடுத்தாலோ அதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

"போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புவதும் இப்போது ஒத்துவராது. அன்று அன்ரிசர்வ்டில் கதவோரம் உட்கார்ந்தே போனோம், இன்று அடுத்த நாள் முதுகு நிமிராது. ரயில் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்து 2024 நவம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, முன்பதிவு திறக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று காலையிலேயே போடுங்கள். லடாக்கில் நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும், இதுவும் நிறையப் பேர் அங்கே இறங்கிய பிறகு தெரிந்துகொள்வது.

அப்புறம், பழைய செட் முழுக்க வரவேண்டும் என்று காத்திருப்பது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு பேர். மூன்று வருடமாக ஒருவனுக்கு மகளின் பத்தாம் வகுப்பு, ஒருவனுக்கு அம்மாவின் ஆபரேஷன், எல்லாமே நியாயமான காரணம்தான். இரண்டு பேருக்குத் தேதி ஒத்துவந்தால் டிக்கெட் போட்டுவிடுங்கள், மற்றவர்கள் முடிந்தால் வந்து சேரட்டும்.

நானும் ஹம்பிக்கு வந்த அதே நண்பனும் செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குப் போகிறோம். மணாலி வழியில் ஒரே நாளில் 4,500 மீட்டர் கணவாயைத் தாண்ட வேண்டியிருக்கிறது, அதனால் சிம்லா, கின்னௌர் பக்கமாக மெல்ல ஏறுகிறோம். கல்பாவில் இரண்டு இரவு, 996-ல் எழுப்பிய மண்சுவர் மடாலயம் இருக்கும் தாபோவில் இரண்டு, அதன் பிறகுதான் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா.