எந்த ஆண்டு ஓட்டு, எந்த ஆண்டு எல்லை? அமெரிக்க அதிபர் தேர்தலைத் தொகுதிவாரியாக வரைவது எப்படி

2024 தேர்தலுக்கு முன்பு அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் பல வீட்டு வாசல்களில் ஒரு வெள்ளை அட்டையை நட்டு வைத்திருந்தார்கள். அட்டையின் நடுவில் ஒரு நீல வட்டம், அவ்வளவுதான். வேட்பாளர் பெயர் கிடையாது, கட்சிப் பெயரும் கிடையாது. ஆனாலும் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கக் குடியரசுக் கட்சியின் சிவப்பு. அதற்குள் ஒமாஹாவைச் சுற்றிய 2ஆவது காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதி மட்டும் ஜனநாயகக் கட்சியின் நீலம்.

இந்த வட்டம் மாநில வாரியான வரைபடத்தில் தெரியாது. 2020இல் நெப்ராஸ்காவை டிரம்ப் 19 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் 2ஆவது தொகுதியை பைடன் சுமார் 22,000 ஓட்டு வித்தியாசத்தில் எடுத்தார். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மாநிலங்களில் மட்டும் தொகுதியை ஜெயித்தவருக்கு ஒரு தேர்வாளர் ஓட்டு, அதாவது அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் ஓட்டு, போகும். மெய்னில் 1972 தேர்தலிலிருந்தும் நெப்ராஸ்காவில் 1992 தேர்தலிலிருந்தும் இந்த முறைதான். மற்ற மாநிலங்களில் தொகுதிவாரி முடிவுக்குச் சட்டப்படி எந்த வேலையும் இல்லை. ஆனாலும் ஒரு தொகுதியின் அரசியல் நிறத்தை அறிய இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 435 தொகுதிகளிலும் ஒரே நாளில் அதே வேட்பாளர்கள் போட்டியிடும் தேர்தல் இது ஒன்றுதானே.

சரி, வேலைக்கு வருவோம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் எக்செல் போல ஒரு விரிதாளும் போதும்.

முதலில் ஒரு முடிவு

எதையும் தரவிறக்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டின் ஓட்டு? எந்தக் காங்கிரஸின், அதாவது எத்தனையாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் எல்லை? புதிதாக வரைபவர்களின் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளை மாற்றி வரைவார்கள். தொகுதி மறுவரையறை நமக்கும் பழக்கப்பட்ட சொல்தான். ஆனால் இந்தியாவில் அதைத் தனி ஆணையம் செய்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே செய்கிறது. நடுவிலும் மாறும். 2022இல் இருந்த எல்லை 2024இல் அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, நியூயார்க், வட கரோலினா ஆகிய மாநிலங்களில் இல்லை. டெக்சாஸ் 2025இல் மறுபடி வரைந்தது.

எல்லைகளைக் காங்கிரஸின் வரிசை எண்ணால் குறிப்பார்கள். 2020 தேர்தலில் பயன்பட்டது 117ஆவது காங்கிரஸின் எல்லை. 2022இல் பயன்பட்டது 118. 2024க்கு 119. 2020 ஓட்டை 118 எல்லையில் காட்டுவதில் தவறே இல்லை. மறுவரையறைக்குப் பின் வந்த தொகுதி அன்று எப்படி ஓட்டுப் போட்டது என்று பார்க்க அதுதான் வழி. ஆனால் அதற்கென்று திரும்பக் கணக்கிட்ட அட்டவணை வேண்டும். பழைய அட்டவணையைப் புது எல்லையில் ஒட்டினால் என்ன ஆகும்? மொன்டானா வெறுமையாக வரும், ஏனென்றால் 2020இல் அதற்கு ஒரே தொகுதி, இப்போது இரண்டு. டெக்சாஸின் 37, 38ஆம் தொகுதிகளும் வெறுமை. அவை அன்று இல்லவே இல்லை. வெறுமையாக வந்தால் நல்லது, கண்ணில் பட்டுவிடும். எண் அப்படியே இருந்து இடம் மட்டும் மாறிய தொகுதிகள்தான் ஆபத்து. நெப்ராஸ்கா 2இல் இப்போது சாண்டர்ஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) இருக்கிறது, 2020இல் இல்லை. பழைய எண்ணை ஒட்டினாலும் வரைபடம் அழகாகத்தான் நிறம் காட்டும்.

எல்லைக் கோப்பு

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தளத்தில் கார்ட்டோகிராஃபிக் பவுண்டரி கோப்புகள், அதாவது ஷேப்ஃபைல் வடிவிலான எல்லைக் கோப்புகள் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் 1:50 லட்சம் அளவு போதும். ஒரு மாநிலத்தை மட்டும் பெரிதாகக் காட்ட 1:5 லட்சம். ஜிப் கோப்பைப் பிரிக்காமலே க்யூஜிஐஎஸ்ஸுக்குள் இழுத்துப் போடலாம். பிரித்தால் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஷேப்ஃபைல் என்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு குடும்பம்.

அட்டவணையைத் திறந்து பாருங்கள். 435க்கு மேல் வரிசைகள் இருக்கும். 98 என்று முடிபவை வாஷிங்டன் டிசி, போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்றவை. டிசிக்கு அதிபர் தேர்தலில் ஓட்டு உண்டு, வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டோ ரிக்கோவுக்கு இல்லை, வடிகட்டிவிடலாம்.

முடிவு அட்டவணை

கவுண்டி வாரியான முடிவு எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதைக் கூட்டித் தொகுதி முடிவு எடுக்க முடியாது. ஒரே மாநிலத்துத் தொகுதிகளின் மக்கள்தொகை கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கோடு கவுண்டிகளை வெட்டிக்கொண்டு போகும். நெப்ராஸ்காவின் சார்பி கவுண்டியில் ஒரு பகுதி 2ஆவது தொகுதியில், மீதி 1ஆவது தொகுதியில்.

இந்தக் கூட்டல் வேலையைப் பல தேர்தல்களுக்கு டெய்லி கோஸ் எலெக்‌ஷன்ஸ் குழு செய்து அட்டவணையாக வெளியிட்டது. அவர்களே இப்போது தி டவுன்பேலட் என்ற பெயரில் தொடர்கிறார்கள். முதல் வரைபடத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பத்திகள் போதும்: தொகுதி எண், ஜனநாயகக் கட்சி ஓட்டு, குடியரசுக் கட்சி ஓட்டு, மொத்தம்.

அட்டவணையில் தொகுதியை மாநிலச் சுருக்கெழுத்தோடு எழுதியிருப்பார்கள். எல்லைக் கோப்பிலோ ஜியோஐடி என்ற நான்கு இலக்க அடையாள எண். அதே எண்ணை அட்டவணையிலும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த இரண்டு தொகுதி. நெப்ராஸ்கா 31, ஆகவே 2ஆவது தொகுதி 3102. அலாஸ்கா, வயோமிங் போல ஒரே தொகுதி உள்ள மாநிலங்களுக்குத் தொகுதி எண் 00.

இங்கே நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் முதல் வரைபடத்தில் கலிஃபோர்னியா முழுக்க வெள்ளையாக வந்தது. அலபாமாவும் அரிசோனாவும் கூட. இரண்டு மணி நேரம் எல்லைக் கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் விரிதாள்: 0612 என்ற எண்ணை 612 ஆக்கிச் சேமித்திருந்தது. 01இலிருந்து 09க்குள் வரும் ஏழு மாநிலங்களுக்கும் இதே கதி. அதில் கலிஃபோர்னியாவில் மட்டுமே 52 தொகுதிகள். அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் வகையாக மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே தொலைந்திருந்தால் க்யூஜிஐஎஸ்ஸின் ஃபீல்டு கால்குலேட்டரில் எல்-பேட் என்ற சார்பு, நான்கு இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்த்துத் தரும்.

இணைப்பதும் கணக்கிடுவதும்

எல்லை லேயரின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் ஜாயின்ஸ் பகுதிக்குப் போய், கூட்டல் குறியை அழுத்தி, இரு பக்கமும் ஜியோஐடியைத் தேர்ந்தெடுங்கள். உடனே நிறம் போட ஓடாதீர்கள். அட்டவணையைத் திறந்து எத்தனை வரிசை காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஃபீல்டு கால்குலேட்டரில் ஒரு புதுப் பத்தி: ஜனநாயகக் கட்சி ஓட்டிலிருந்து குடியரசுக் கட்சி ஓட்டைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். பத்தி வகை டெசிமலாக இருக்கட்டும். முழு எண்ணாக விட்டால் 0.4 புள்ளியில் ஜெயித்த தொகுதி பூஜ்யத்தில் போய் உட்காரும்.

மொத்தத்தால் வகுப்பதா, இரு கட்சிக் கூட்டுத் தொகையால் வகுப்பதா? 2020க்கு எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை. 1992க்கு நிறைய வித்தியாசம் வரும். சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ அந்த ஆண்டு நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார். மெய்னில் அவர் இரண்டாம் இடம், பதவியில் இருந்த புஷ் மூன்றாம் இடம். அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டு நிற வரைபடமே பாதிப் பொய்.

கணக்கு முடிந்ததும் ஒரு சோதனை. 2020 ஓட்டை 117 எல்லையில் போட்டிருந்தால் பைடனுக்கு 224 தொகுதி, டிரம்புக்கு 211 வர வேண்டும். டிசியை இதில் சேர்க்காமல் எண்ணுங்கள். 2012ஐ அன்றைய எல்லையில் போட்டால் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 226, ஒபாமாவுக்கு 209. ஆமாம், தேர்தலில் ஜெயித்தவருக்குத்தான் குறைந்த தொகுதிகள். நாடு முழுக்க மெய்ன் முறை இருந்திருந்தால்? தொகுதிக்கு ஒன்று போக, மாநிலத்தை ஜெயித்தவருக்கு இரண்டு சேர்த்துப் பாருங்கள்: ராம்னிக்கு 24 மாநிலம், 226 உடன் 48, மொத்தம் 274. ஒபாமாவுக்கு 209, 26 மாநிலத்துக்கு 52, டிசிக்கு 3, மொத்தம் 264. ராம்னி அதிபர்!

நிறம்

சிம்பாலஜியில் கிராஜுவேட்டட், சிவப்பிலிருந்து நீலம் வரை போகும் வண்ணப்பட்டை. சிமெட்ரிக் என்ற பெட்டியைத் தட்டி, நடுப்புள்ளியைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 3 புள்ளியில் நீலமான தொகுதி வெளிர் சிவப்பாகத் தெரியும் விபத்து நடக்கும். நான் வைக்கும் இடைவெளி 5, 15, 30. ஐந்துக்குள் இருப்பவைதான் ஆட்டத்தைத் தீர்மானிப்பவை, அவை தனியாகத் தெரிய வேண்டும்.

ப்ராஜெக்‌ஷனை, அதாவது உருண்டை பூமியைத் தட்டைப் படமாக்கும் முறையை, ஈபிஎஸ்ஜி 5070க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாடு தட்டையாகப் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும்.

இப்போது நெப்ராஸ்காவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று தொகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் மக்கள். ஆனால் 3ஆவது தொகுதி மாநிலத்தின் பெரும்பகுதியை அடர் சிவப்பாக விழுங்கி நிற்கும்; ஒமாஹா கிழக்கு ஓரத்தில் ஒரு பொட்டு. நாடு முழுக்க இதே கதைதான். ஆகவே இரண்டாவதாக ஒரு வரைபடமும் செய்யுங்கள்: பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் கருவியால் தொகுதிக்கு ஒரு புள்ளி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவு வட்டமாக்கி, அதே நிறம். நியூயார்க்கில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கொஞ்சம் கையால் நகர்த்த வேண்டிவரும்.

அட்டவணை கிடைக்காத எல்லைக்கு

பழைய ஓட்டைப் புது எல்லையில் நீங்களே கணக்கிடவும் முடியும். பிரீசிங்க்ட், அதாவது வாக்குச்சாவடிப் பகுதி அளவில் 2016, 2020 முடிவுகளை எல்லையோடு சேர்த்து வெஸ்ட் என்ற குழு ஹார்வர்ட் டேட்டாவர்ஸில் மாநிலம் மாநிலமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிரீசிங்க்ட்டுக்கும் உள்ளே ஒரு புள்ளி எடுத்து, ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொக்கேஷன் சம்மரி கருவியில் புதுத் தொகுதிக்குள் விழும் புள்ளிகளின் ஓட்டைக் கூட்டினால் முடிந்தது. தொகுதிக் கோடு நடுவே வெட்டிப்போகும் பிரீசிங்க்ட்டுகளில் இது சற்றுப் பிசகும். துல்லியம் வேண்டுமானால் சென்சஸ் பிளாக் (கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதி) மக்கள்தொகைப்படி ஓட்டைப் பிரிக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் தொகுதிகளின் கூட்டுத்தொகை மாநில மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தபால் ஓட்டை பிரீசிங்க்ட்டுக்குப் பிரிக்காமல் கவுண்டிக்கு ஒரே எண்ணாகக் கொடுக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் உதைக்கும்.

கடைசியில் பிரின்ட் லேஅவுட். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிச் சட்டகம் வைத்து, குறிவிளக்கத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: 2020 ஓட்டு, 118ஆவது காங்கிரஸ் எல்லை. 300 டிபிஐயில் படமாக்கிக்கொள்ளலாம்.