கீவாவில் தொடங்கி, சமர்கந்தில் முடிக்கலாம்: உஸ்பெகிஸ்தான் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

உஸ்பெகிஸ்தானுக்குச் செல்வோரில் பலர் தலைநகர் தாஷ்கண்டில் இறங்கியதும் அதிவேக ரயிலைப் பிடித்து நேராகச் சமர்கந்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு புகாரா, நாள் மிஞ்சினால் கீவா. இந்த வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்தின் பிரம்மாண்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அதன் பிறகு வரும் எதுவும் சிறியதாகவே தோன்றும், புகாராவின் ஆயிரமாண்டுப் பழமையுள்ள செங்கல் கட்டடத்தைக்கூட “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுக் கடந்துவிடுவோம். ஆகவே, முதலில் நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள கீவாவுக்குப் போய், அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புகாரா, சமர்கந்து என்று திரும்பி வருவதையே நான் பரிந்துரைப்பேன். தொலைவான ஊரை முதலிலேயே முடித்துவிடுவதால், கடைசி நாட்களில் விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற கவலையும் குறையும்.

புறப்படுவதற்கு முன்

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. ஜூன் இறுதியிலிருந்து ஏறத்தாழ நாற்பது நாட்களை உள்ளூர் மக்கள் ‘சில்லா’ என்று அழைக்கிறார்கள். அப்போது வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கத்திரி வெயிலில் பழகியவர்கள்தானே நாம் என்று துணிய வேண்டாம், ஏனெனில் அது பாலைவனத்து வறண்ட வெயில். திறந்த முற்றங்களில் ஒதுங்க நிழலும் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், ஆனால் கூட்டமே இருக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2018 முதல் இணையவழி விசா பெறலாம். 30 நாட்கள் வரை தங்க, ஒருமுறை நுழைவதற்கான விசாவுக்கு 20 டாலர் கட்டணம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் அரசின் விசா தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. சென்னையிலிருந்து செல்வோர் டெல்லி வழியாகப் போவது எளிது. டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்தான்.

வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் இடமும் அவரை அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விடுதிகள் இதைத் தாமாகவே செய்துவிடும் என்றாலும், பதிவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் கழியும் நாளுக்கு ரயில் சீட்டே சான்று, எனவே அதையும் தூக்கியெறிய வேண்டாம்.

நாணயத்தின் பெயர் சோம். ஒரு டாலருக்குப் பத்தாயிரம் சோமுக்கு மேல் கிடைப்பதால், முதல் நாளில் உணவகக் கட்டணத்தைப் பார்த்துத் திகைக்காதவர் குறைவு. 2017-இல் நாணய மாற்று விதிகள் தளர்த்தப்படும் வரை வங்கி விலை ஒன்றும் கள்ளச்சந்தை விலை ஒன்றுமாக இருந்தன. இப்போது வங்கிகளிலும் ஏடிஎம்களிலும் மாற்றிக்கொள்ளலாம், தெருவில் மாற்ற எந்தத் தேவையும் இல்லை. மடிப்பும் கறையும் இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுசெல்லுங்கள்.

ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நாட்டில் பயணத் திட்டமே அதைச் சுற்றித்தான் அமைகிறது. தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு 2011-இல் தொடங்கிய ‘அஃப்ராசியாப்’ என்ற அதிவேக ரயில் 2016-இல் புகாரா வரை நீட்டிக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டுத் தால்கோ நிறுவனம் தயாரித்த இந்த ரயில், ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவிலுள்ள சமர்கந்தை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அடைகிறது. பருவ காலத்தில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்த உடனேயே எடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் ‘ஷார்க்’ என்ற வேகம் குறைந்த ரயில் இருக்கிறது; அதில் உள்ளூர்க் குடும்பங்களுடன் பேச்சும் கிடைக்கும், உலர்திராட்சையும் கிடைக்கும். தாஷ்கண்டில் வடக்கு நிலையம், தெற்கு நிலையம் என இரண்டு உள்ளன. உங்கள் சீட்டில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீவா

தாஷ்கண்டிலிருந்து உர்கெஞ்சுக்கு உள்நாட்டு விமானத்தில் சென்று அங்கிருந்து காரில் போகலாம், அல்லது இரவு ரயிலில் கீவாவுக்கே போய் இறங்கலாம். மண்மதிலுக்குள் அடங்கிய உள்நகரமான இட்சன் கலா 1990-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் இதுவே. ஒரே நாளில் நடந்து முடித்துவிடக்கூடிய அளவுதான். ஆனாலும் மதிலுக்கு உள்ளேயே இரண்டு இரவுகள் தங்குங்கள். பகலில் வந்த சுற்றுலாப் பேருந்துகள் மாலையில் கிளம்பிய பிறகுதான் சந்துகளில் சிறுவர்கள் பந்து விளையாடத் தொடங்குகிறார்கள், பெண்கள் வாசலில் தந்தூர் அடுப்பை மூட்டுகிறார்கள்.

நுழைவாயிலருகே தடித்த பீப்பாய்போல் நிற்கும் கல்தா மினார், 1851-இல் கீவாவை ஆண்ட முகமது அமீன் கான் தொடங்கியது. 1855-இல் அவர் போரில் கொல்லப்பட்டதும் கட்டுமானம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஜும்மா பள்ளிவாசலுக்குக் கொடுங்கள் என்பேன். அரையிருட்டான அந்தக் கூடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள் நிற்கின்றன. இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்றாலும், பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து நட்ட சில தூண்கள் அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. எந்தத் தூணின் செதுக்கல் ஆழமாகவும் தேய்ந்தும் இருக்கிறது, எது நேற்றுச் செய்ததுபோல் வழுவழுப்பாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தால், பழையதையும் புதியதையும் பிரித்தறியும் பழக்கம் கண்ணுக்கு வந்துவிடும். இந்தப் பழக்கம் பின்னால் சமர்கந்தில் மிகவும் தேவைப்படும்.

மொராக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் குவாரசம் எனப்படும் இந்தப் பகுதியைக் கடந்தபோது, அதன் முலாம்பழத்துக்கு ஈடான பழம் எங்கும் இல்லை என்றும், அதைக் கீற்றுகளாக அறுத்து உலர்த்தி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். செப்டம்பரில் போனால் அவர் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும்.

புகாரா

கீவாவிலிருந்து புகாராவுக்குக் கிசில்கும் பாலைவனத்தின் ஊடாக ஏறத்தாழ 450 கி.மீ. ரயிலிலோ பகிர்வுக் காரிலோ குறைந்தது ஆறு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கிட்டு, அந்த நாளில் வேறு எதையும் திட்டமிடாமல் விடுங்கள். புகாராவின் ரயில் நிலையம் பழைய நகரில் இல்லை, பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் காகானில் இருக்கிறது; 1880-களில் ரஷ்யர்கள் போட்ட இருப்புப்பாதை, புகாராவை ஆண்ட அமீரின் தலைநகரைத் தொடாமல் விலகிச் சென்றதன் விளைவு இது. நிலையத்துக்கு வெளியே வாடகை பேசுவதைவிட யாண்டெக்ஸ் செயலியில் கார் அழைப்பது மலிவு.

இங்கே மூன்று இரவுகளாவது தேவை. பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் சாமானியர் என்ற அரச மரபினரின் கல்லறை மாடத்துக்குப் போங்கள். பத்தாம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டப்பட்ட, பக்கத்துக்குப் பத்து மீட்டர் அளவேயுள்ள சிறு கட்டடம் அது. ஒரு துளி வண்ணம் கிடையாது. சுட்ட செங்கற்களைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் சாய்வாகவும் அடுக்கியே கூடை முடைந்ததுபோன்ற அலங்காரத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நிழல்தான் அங்கே ஓவியம் என்பதால் காலையில் ஒருமுறை, சூரியன் சாயும்போது ஒருமுறை என இருவேளையும் பாருங்கள்.

அடுத்தது 1127-இல் எழுந்த கல்யாண் மினார். ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள இந்தக் கோபுரத்தை, 1220-இல் நகரையே சாம்பலாக்கிய செங்கிஸ்கான் விட்டுவைத்தான். அண்ணாந்து பார்த்தால், செங்கல் வளையங்களுக்கு மேலே உச்சியை நெருங்கும் இடத்தில் நீல மெருகு ஓடுகளின் மெல்லிய பட்டை ஒன்று தெரியும். மத்திய ஆசியக் கட்டடக் கலைக்குள் நீலம் நுழைவதை அங்கே பார்க்கிறோம். முதலில் நிறமே இல்லாத செங்கல், பிறகு ஒரு நீலக் கோடு, அதற்குப் பின் தைமூரியர் (பேரரசர் தைமூரின் மரபினர்) காலத்தில் சுவர் முழுவதும் நீலம் என்று இந்தப் படிவரிசையைப் புகாராவில் மனத்தில் வாங்கிக்கொண்டவருக்குச் சமர்கந்து வெறும் அழகான பின்னணியாக இருக்காது.

குவிமாடங்களின் கீழ் அமைந்த பழைய சந்தைகளில் டோக்கி சராஃபோன் என்பது நாணயம் மாற்றுவோரின் கூடம். வட்டித் தொழிலும் துணி வணிகமும் செய்த முல்தான் பகுதி இந்திய வணிகர்கள் இந்நகரில் நெடுங்காலம் குடியிருந்திருக்கிறார்கள். ஆர்க் கோட்டையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 1920-இல் செஞ்சேனையின் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி அழிந்துபோனது. களைத்த கால்களுக்கு லியாபி ஹவுஸ் குளக்கரை இருக்கிறது, முசுக்கொட்டை மர நிழலில் பச்சைத் தேநீருடன் உட்காரலாம்.

சமர்கந்து

புகாராவிலிருந்து அஃப்ராசியாப் ரயிலில் ஒன்றரை மணி நேரம். இறங்கிய உடனேயே ரெஜிஸ்தானுக்கு ஓடாமல், மறுநாள் காலை கதவு திறக்கும் நேரத்தில் ஷாஹி ஜிந்தா கல்லறைத் தெருவிலிருந்து தொடங்குங்கள். குறுகிய படிப்பாதையின் இருபுறமும் 14, 15-ஆம் நூற்றாண்டு மாடங்கள் நெருக்கியடித்து நிற்பதால், பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் ஓடுகளைவிட முதுகுகளே அதிகம் தெரியும். 1372-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஷாதி முல்க் அகா மாடத்தில் புதுப்பிப்பு வேலை மிகக் குறைவு. செதுக்கி மெருகேற்றிய சுடுமண் பலகைகளை அங்கே கண்ணருகே பார்த்துவிட்டு, பிறகு மற்ற இடங்களின் பளபளப்பான ஓடுகளுடன் ஒப்பிடுங்கள்.

சமர்கந்தில் காண்பவற்றில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் மீளக் கட்டப்பட்டது என்பதை அறிந்தே பார்க்க வேண்டும். பீபி கானிம் பள்ளிவாசலைத் தைமூர் டெல்லியைச் சூறையாடித் திரும்பிய பின் 1399-இல் தொடங்கினார். இந்தியாவிலிருந்து ஓட்டிச்செல்லப்பட்ட யானைகள் அதற்குக் கல் இழுத்தன. 1404-இல் காஸ்டில் நாட்டுத் தூதராக வந்த கிளாவிகோ, நுழைவாயில் தாழ்வாக இருக்கிறது என்று தைமூர் அதை இடித்துக் கட்டச் சொன்னதைக் குறித்திருக்கிறார். அந்த அவசரத்தையும் மிகை உயரத்தையும் சுவர்கள் தாங்கவில்லை. விரிசல் கண்டு, 1897 நிலநடுக்கத்தில் பெருமளவு சரிந்தது. இன்று நிற்பது சோவியத் காலத்திலும் அதற்குப் பின்னும் எழுப்பியது. ரெஜிஸ்தானின் தில்யா கோரி மதரஸாவில் எல்லோரும் படமெடுக்கும் நீலக் குவிமாடமும் அவ்வாறே, 20-ஆம் நூற்றாண்டின் வேலை. இதனால் ஏமாந்துவிட்டதாகச் சிலர் சலித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. இடிபாடாகவே விட்டிருந்தால் நாம் பார்ப்பதற்கு இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. எது எந்தக் காலத்தது என்று எழுதிவைக்காததுதான் குறை.

ரெஜிஸ்தானைப் பிற்பகல் ஒருமுறையும், விளக்கேற்றிய பிறகு வெளியிலிருந்து ஒருமுறையும் பாருங்கள். இடப்புறம் தைமூரின் பேரன் உலூக் பேக் கட்டிய மதரஸா (1417–1420). மற்ற இரண்டு மதரஸாக்களும் இரு நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. வலப்புறமுள்ள ஷேர்தோர் மதரஸாவின் வாயில் வளைவில் மானைத் துரத்தும் புலிகளும், அவற்றின் முதுகில் மனித முகத்துடன் சூரியனும் இருப்பதைத் தவறவிட வேண்டாம். சாய்ந்துகொண்டிருந்த உலூக் பேக் மினார் ஒன்றை 1932-இல் பொறியாளர் ஷுகோவின் திட்டப்படி நிமிர்த்தினார்கள்.

தைமூரின் கல்லறையான குர் எமீரில் கரும்பச்சை ஜேடு கல்லின் கீழ் இருப்பவரைப் பற்றி வழிகாட்டிகள் சாபக் கதை சொல்வார்கள். 1941 ஜூனில் சோவியத் மானிடவியலாளர் கெராசிமோவ் கல்லறையைத் திறந்ததும் ஹிட்லரின் படையெடுப்பு நிகழ்ந்தது என்பது அது. படையெடுப்புத் திட்டம் பல மாதங்களுக்கு முன்பே முடிவானது, ஆகவே கதையைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு அதைவிட அழுத்தமாகப் படுவது, அதே ஆய்வில் அங்கேயே அடக்கமான உலூக் பேக்கின் எலும்புக்கூடு, அவர் தலை வெட்டப்பட்டே இறந்தார் என்பதை உறுதிப்படுத்தியதுதான். 1437-இல் 1018 விண்மீன்களின் அட்டவணையை நிறைவுசெய்த அந்த அரசர் 1449-இல் சொந்த மகனின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். அவரது வானாய்வகம் மண்ணுக்குள் மறைந்து, 1908-இல் தொல்லியலாளர் வியாத்கின் தோண்டும் வரை கிடந்தது. ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள அளவுகோல் வளைவின் அடிப்பகுதி இன்றும் பாறைக்குள் இறங்குகிறது. குர் எமீரைப் பார்த்த அதே நாளில் இங்கும் வந்துவிடுங்கள்.

தைமூரின் சொந்த ஊர்ப்பக்கமான ஷக்ரிசப்சுக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும். பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டதால் 2016-இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. நேரம் குறைவானவர்கள் விட்டுவிடலாம்.

சாப்பாடு

சைவ உணவினருக்கு இது எளிய நாடு அல்ல. பலாவ் எனும் தேசிய உணவு ஆட்டுக் கொழுப்பில் சமைக்கப்படுவது. காய்கறி சூப்பென்று வருவதிலும் இறைச்சிச் சாறு இருக்கும். “கோஷ்த்சிஸ்” (இறைச்சி இல்லாமல்) என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு, பூசணிக்காய் வைத்த சம்சா, தக்காளியும் வெங்காயமும் மெல்லியதாக அரிந்த அச்சிச்சுக், தயிர், பழம், ‘நான்’ ரொட்டி ஆகியவற்றை நம்புங்கள். அசைவர்கள் பலாவை மதியமே சாப்பிட வேண்டும், மாலைக்குள் அண்டா காலியாகிவிடும். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்ப்பதும், கவிழ்த்து வைக்காமலிருப்பதும் மரியாதை. தேநீரைக் கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால் முகம் கோணாதீர்கள். இன்னும் பலமுறை ஊற்ற விரும்புகிறோம், இருங்கள் என்பதே அதன் பொருள்.

தாஷ்கண்ட்

1966 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பழைய நகரின் பெரும்பகுதி போய்விட்டதால், இங்கே சோவியத் நகரமைப்பைப் பார்க்கும் மனத்துடன் வர வேண்டும். 1977-இல் திறக்கப்பட்ட மெட்ரோவே சிறந்த அருங்காட்சியகம். நிலத்தடிப் புகலிடமாகவும் திட்டமிடப்பட்டதால் 2018 வரை அங்கே படமெடுக்கத் தடை இருந்தது. விண்வெளி வீரர்களின் உருவங்களைக் கொண்ட கோஸ்மோனாவ்த்லார் நிலையத்திலும், குவிமாடக் கூரையுள்ள அலிஷேர் நவாயி நிலையத்திலும் இறங்கி ஏறுங்கள். 1966 ஜனவரியில், பாகிஸ்தானுடன் தாஷ்கண்ட் உடன்பாட்டில் கையெழுத்திட்ட மறுநாள் அதிகாலை லால் பகதூர் சாஸ்திரி காலமானது இந்த நகரில்தான். அவருடைய சிலையும் அவர் பெயரில் ஒரு தெருவும் இருக்கின்றன.

சூசனிப் பூவேலைத் துணி, ரிஷ்தான் மண்பாண்டம் போன்றவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் புகாராவிலேயே வாங்குவது நல்லது, தேர்வு அங்கே அதிகம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையதென்று விற்கப்படும் பொருளை அனுமதிச் சான்றில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது. பழம்பொருள் போலத் தோன்றும் எதை வாங்கினாலும், அது புதியதென்று ரசீதில் எழுதி வாங்கி, விமான நிலையத்தில் கைக்கெட்டும்படி வைத்திருங்கள்.