அசெர்ட்டும் லாக்கும் காலை வாரிவிடும் இடங்கள்

சி, சி++ எழுதுபவர்கள் பிழை தேடும்போது முதலில் கைவைப்பது அசெர்ட்டிலும் (ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதித்து, பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி) லாக்கிலும்தான் (நிரல் ஓடும்போதே எழுதிவைக்கும் குறிப்பு). இரண்டும் நிரலை வேடிக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும். அதன் வேலையில் இவையே தலையிடும்போதுதான் வம்பு.

எத்தனை முறை எச்சரித்தாலும் தொடரும் தவறு, அசெர்ட்டின் அடைப்புக்குறிக்குள் உண்மையான வேலையை வைப்பது. கோப்பைத் திறக்கும் அழைப்பை உள்ளே எழுதி, திறந்ததா என்று அங்கேயே சோதிப்பார்கள். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் ஒழுங்காக ஓடும். ஆனால் அசெர்ட் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகுமுன் வேறு உரையாக மாற்றப்படும் பெயர். என்டீபக் (NDEBUG) என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது எதுவும் இயங்காது. கோப்பு திறக்கப்படவே மாட்டாது. ‘நான் எங்கே வரையறுத்தேன்?’ என்றால், பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக் வரையறுத்திருக்கும். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் அதன் ரிலீஸ் பில்ட் (பயனருக்குத் தரும் பில்ட்) இயல்பாகவே அப்படித்தான். டீபக் தகவலோடு வரும் ரெல்வித்டெப்இன்ஃபோ (RelWithDebInfo) பில்டும் அப்படியே என்பது பலருக்குத் தெரிவதில்லை. அழைப்பை வெளியே செய்து, விடையை ஒரு மாறியில் வாங்கி, அந்த மாறியை மட்டும் அசெர்ட் செய்யுங்கள்.

பயனர் தரும் உள்ளீட்டை அசெர்ட்டால் சோதிக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. ரிலீஸில் அந்தக் காவல் இருக்காது. ரஸ்ட் மொழி இதில் தெளிவு: அதன் அசெர்ட் ரிலீஸிலும் நிற்கும், டீபக்-அசெர்ட் மட்டும் இயல்பாக நீங்கும்.

அடுத்தது லாக். செய்தியை அச்சிடும் பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே வெளியே போய்விடுவதில்லை. டெர்மினலில் பொதுவாக வரிக்கு வரி வரும். கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பிவிட்டால் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடம் நிறையும்வரை உள்ளேயே கிடக்கும். நடுவில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டு நிரல் விழுவது) வந்தால் அத்தனையும் போச்சு. கோப்பில் தெரியும் கடைசி வரிக்குப் பக்கத்தில்தான் கிராஷ் என்று நம்பி, குற்றமே செய்யாத ஃபங்ஷனை மணிக்கணக்கில் குடைவார்கள். பிழைச் செய்திகளை அவற்றுக்கென்றே உள்ள வெளியீடான எஸ்டீடீ-எரருக்கு (stderr) அனுப்புங்கள், அதற்கு பஃபர் தொல்லை இல்லை. எஸ்பிடிலாக் (spdlog) என்ற லாக் நூலகத்தைப் பயன்படுத்தினால், பிழை நிலைச் செய்தி வந்தவுடன் ஃப்ளஷ் செய்யும்படி, அதாவது பஃபரில் இருப்பதை வெளியே தள்ளும்படி, ஒரே வரியில் அமைக்கலாம்.

ஒரு அழைப்பு தோற்றதும் லாக் எழுதிவிட்டு, அப்புறம் தோல்விக்கான எண்ணை வைத்திருக்கும் எர்நோவைப் (errno) பார்ப்பதும் உண்டு. லாக் எழுதும் அழைப்பே அதை மாற்றியிருக்கலாம். முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயனர் தந்த சரத்தை பிரிண்ட்எஃப்பின் முதல் வாதமாகவே, அதாவது வடிவச் சரமாகவே, கொடுப்பது பிழை தேடலையும் தாண்டி, பாதுகாப்பு ஓட்டையாகிவிடும். சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான சிக்னல் ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப் வேண்டவே வேண்டாம், அங்கே ரைட் (write) அழைப்பு போதும்.

லாக் வரி சேர்த்ததும் பிழை மறைந்துவிட்டதா? சரி, போயிற்று என்று மூடிவிடாதீர்கள். பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் நிரலில் அந்த வரி நேரத்தைச் சற்று நகர்த்தியிருக்கும், அவ்வளவுதான். அந்த வரியை எடுத்துவிட்டு, த்ரெட் மோதல்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசரைப் போட்டு கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். எந்த இரண்டு த்ரெட்கள் ஒரே நினைவிடத்தில் மோதின என்பதை வரி எண்ணோடு காட்ட, டீபக் தகவலும் சேர்ந்திருக்க வேண்டும்.