பின்பக்கப் பனி விளக்கு: எர்த் செய்த குளறுபடி
என் கார் பின் பம்பரில் பனி விளக்குக்கான (மூடுபனியில் பின்னால் வருபவருக்கு நம் காரைக் காட்டும் சிவப்பு விளக்கு) இடம் காலியாகவே இருந்தது, சரி, நாமே மாட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன். 12 வோல்ட், 21 வாட் பல்பு, ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு பேட்டரி லைன், 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த், அதாவது காரின் உலோக பாடிக்கு. 86-க்கு ஹெட்லைட் லைனிலிருந்து சுவிட்ச் வழியாகக் கொடுத்தேன், ஹெட்லைட்டை அணைத்தால் இதுவும் கூடவே அணைந்துவிடும். போட்டால் மின்மினி மாதிரி மங்கலாக எரிந்தது! வயரையெல்லாம் சந்தேகப்பட்டு அரை நாள் போனது. அப்புறம் எர்த் பக்கம் மல்டிமீட்டர் வைத்தபோதுதான் புரிந்தது, எர்த் வயரை மாட்டிய போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், அதுதான் மின்சாரத்தைத் தடுத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பளிச். பிரேக் லைட்டிலிருந்து 10 செ.மீ.யாவது தள்ளி மாட்டுங்கள், இரண்டும் சிவப்பு என்பதால் பின்னால் வருபவர் குழம்பிவிடுவார்.