ஹாடீடாவும் நானும்: வீட்டில் கிட்டார் வீடியோ எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹாடீடாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோழி அளவில், நீண்டு வளைந்த அலகோடு இருக்கும் ஒரு அரிவாள்மூக்கன். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூரைக்கு மேலே தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு பறக்கும். அந்தக் கத்தலிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது.

நான் முதன்முதலில் எடுத்த கிட்டார் வீடியோவில், இரண்டாவது சரணத்துக்குச் சற்று முன்னால் இந்தப் பறவை முழுக் குரலில் வருகிறது. வாசிக்கும்போது எனக்கு அது காதிலேயே விழவில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்ததால், என் காது அதைக் கழித்துவிட்டுக் கேட்கப் பழகியிருந்தது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வீட்டு வீடியோக்களில் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். நமக்குப் பழகிப்போன சத்தம், பழகிப்போன நாற்காலி, பழகிப்போன சன்னல். புது கேமராவுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் இவற்றைச் சரிசெய்துவிடலாம்.

வாசிக்காமல் ஒரு நிமிடம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சத்தம் கரகரத்தால் பத்தாவது நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே முதல் வேலை காதுக்கு. வீடியோ எடுக்கப்போகும் இடத்தில் போனை வையுங்கள், கிட்டாரைத் தொடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். என் வீட்டில் அப்படிக் கேட்டபோது பிரிட்ஜ், சுவர்க்கடிகாரம், இன்வெர்ட்டரின் விசிறி, எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டு டிவி.

இந்த டிவிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட இந்தியர்களுக்கென்று 1960-களில் கட்டியதுதான் சாட்ஸ்வர்த். பல வீடுகள் இரட்டை வீடுகள். நடுச்சுவர் இரு குடும்பத்துக்கும் பொது. பேச்சுக் குரல் அந்தச் சுவரைத் தாண்டி வராது. அடித்தொனி மட்டும் வந்துவிடும். அதனால் மாலை சீரியல் நேரத்தில் நான் பதிவு செய்வதில்லை. ஹாடீடாவின் நேரமும் ஏறக்குறைய அதுவே. எனக்கு மிஞ்சியது முற்பகல் பத்து மணியும் இரவு ஒன்பதரையும்தான்.

ஒரு விசித்திரம்: 2022, 2023-இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எடுத்த வீடியோக்களில்தான் என் சத்தம் மிகச் சுத்தம். பிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை, தெரு முழுக்க அமைதி. யாராவது ஜெனரேட்டரைக் கிளப்பும் வரைக்கும். மின்வெட்டை நான் வாழ்த்தவில்லை. பிரிட்ஜை ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் பால் கெட்டுவிடாது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். திரும்பப் போட மறக்காமலிருக்க கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள்.

மைக்கைத் துளைக்கு நேரே வைப்பது

எல்லோரும் செய்யும் தவறு இது. சத்தம் துளையிலிருந்துதானே வருகிறது என்று போனையோ மைக்கையோ நேராக அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு என்று ஒரு சொந்த அதிர்வு உண்டு, சுமார் 100 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால் துளைக்கு நேரே வைத்த மைக்கில் அந்த ஒரு சுரம் மட்டும் பானைக்குள் பேசுவதுபோல் ‘பொம்’ என்று வீங்கும். மற்ற சுரமெல்லாம் ஒடுங்கிப்போகும்.

மைக்கின் மூக்கைக் கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு, அதாவது ஏறக்குறைய 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) திருப்புங்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம். அதைவிட விலகினால் அறை பேச ஆரம்பிக்கும். நெருங்கினால் விரல் கம்பியில் வழுக்கும் கீச்சும் உங்கள் மூச்சும் பேசும்.

போனின் சொந்த மைக்கை மட்டுமே நம்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பெரும்பாலான போன்கள் சத்த அளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். மெதுவாக வாசித்தால் தூக்கிவிடும், அழுத்தி வாசித்தால் அமுக்கிவிடும். நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அளவைக் கையால் நிறுத்தி வைக்கும் வசதியுள்ள கேமரா ஆப் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். மிக அழுத்தமாக வாசிக்கும் பகுதியை முதலில் வாசித்துப் பார்த்து, முள் சிவப்பைத் தொடாதபடி அளவை வைக்க வேண்டும். வெடித்த ஒலியைப் பிறகு எதைக்கொண்டும் ஒட்ட முடியாது. இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது; பல சுரம் சேர்ந்து நீண்டு ஒலிக்கும் கார்டை மின்விசிறி என்று நினைத்துத் துடைத்துவிடும். வீடியோ காலில் கிட்டார் கற்றுக்கொண்டவர்களுக்கு இது அனுபவப்பட்ட விஷயம்.

அறைக்கு ஒரு சோதனை: நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று சுவர்களுக்கிடையே துடித்தால் அந்த இடம் ஆகாது. படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் சேர்ந்து பாதி வேலையைச் செய்துவிடும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கரப்பான்பூச்சிக்குத்தான் வசதி.

வடக்குச் சன்னல்

இதில் நான் மாட்டியது திசையால். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துப்போகும் என்பது யாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த படியாக, நேரடி வெயில் படாத வடக்குச் சன்னலைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒளிப்பதிவுப் பாடங்களில் சொல்வார்கள். ஐரோப்பாவில் ஓவியர்கள் காலத்திலிருந்து வரும் அறிவுரை அது. நானும் வடக்குச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். வீடியோவில் பாதி முகம் வெள்ளை, பாதி கறுப்பு, கிட்டாரின் வார்னிஷில் சூரியன் பளீர்.

டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 30 பாகையில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கில்தான். அதிலும் ஊரில் ஆனி மாதம் என்கிற நேரத்தில் இங்கே குளிர்காலம்; உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகைதான் ஏறும். வடக்குச் சன்னல் வழியாக அறையின் மறுகோடி வரை வந்து விழும். இந்த ஊரில் மெத்தென்ற வெளிச்சம் வேண்டுமென்றால் தெற்குச் சன்னல். சென்னையில் வளர்ந்த எனக்கு இது மண்டையில் ஏற மூன்று வீடியோ வீணாக வேண்டியிருந்தது.

இரவில் எடுப்பவர்கள் விளக்கைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவைப்போல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, நொடிக்கு 30 சட்டம் (ஃப்ரேம்) எடுக்கும் போனுக்குத் தெரியும். படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 சட்டத்துக்கு மாற்றி, ஷட்டரை 1/50 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் PAL (நொடிக்கு 25 சட்டம் எடுக்கும் வீடியோ முறை) வடிவத்தைக் காட்டு என்ற இடத்தைத் தட்டினால் 25 வரும். கூடவே திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை அசையும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுத்து மூச்சுவிடும்.

வேலை செய்கிற கை

கூட வேலை பார்க்கும் ஒரு ஜூலு நண்பர் மஸ்கந்தி வாசிப்பவர். குவாஸூலு-நட்டாலின் கிட்டார் மரபு அது. கட்டைவிரல் அடிச்சுரத்தை ஓட்ட, ஆட்காட்டி விரல் மேலே மெட்டைப் பிடிக்கும். பாட்டு தொடங்கும் முன் ‘இசிஹ்லாபோ’ என்று ஒரு வேகமான விரலோட்டம் வரும், நம் ஆலாபனை போல, ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும். அவரை வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று நானாகப் போய், எல்லோரும் செய்வதுபோல் இடது கையையும் ஃப்ரெட்டுகளையும் நெருக்கமாக எடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “வேலை செய்கிற கையை வெட்டிவிட்டாயே” என்றார். போதாததற்கு இசிஹ்லாபோவும் பாதியிலிருந்துதான் பதிவாகியிருந்தது. பொத்தானை அழுத்தி நான் நகர்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு கையும், கிட்டாரின் தலையும், வாசிப்பவரின் முகமும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். போனைப் படுக்கவைத்து எடுத்தால் இது தானாக அமையும். உயரம் முக்கியம்: போன் நெஞ்சு மட்டத்தில், இடது கைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். மேசையில் சாய்த்து வைத்துக் கீழிருந்து எடுத்தால் மூக்குத்துவாரமும் மேல்கூரையும்தான் மிஞ்சும். செல்ஃபி கேமராவில் எடுத்தால், சில போன்கள் கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்துவிடும். என் அக்கா அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, “எப்போடா இடது கைக்கு மாறினே?” என்று கேட்டாள். அமைப்புகளில் அதை அணைக்கலாம்.

கம்பிகள் பாம்புபோல் நெளிந்து தெரிகிறதே, போன் பழுதா என்று சிலர் கேட்பார்கள். பழுதில்லை. சென்சார் படத்தை வரி வரியாக, மேலிருந்து கீழாக வாசிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் கம்பி நகர்ந்துவிடுகிறது.

பின்னணியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வீட்டு எண், கேட், அலாரம் பெட்டி, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து எதுவும் படத்தில் வர வேண்டாம். இந்த ஊரில் ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

பதினேழாவது டேக்

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆயாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். ஒருநாள் வேலியோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தவர் சொன்னது மட்டும் சுத்தத் தமிழ். “நேத்து அதே பாட்டு பதினேழு வாட்டி, தம்பி. ரெண்டாவதுதான் நல்லாயிருந்துச்சு.”

போய்க் கேட்டுப் பார்த்தேன். உண்மை. முதல் டேக்கில் கை இறுகியிருக்கும். இரண்டு, மூன்றில் இளகும். ஐந்துக்கு மேல் போனால் தப்பு குறையும், உயிரும் குறையும். கூடவே கம்பியும் சுருதி விலகிக்கொண்டே போகும். டர்பன் ஈரக்காற்றில் மரம் உப்பும். பக்கத்தில் விளக்கு வைத்தால் அதன் சூட்டில் கம்பி தளரும். எத்தனை டேக் எடுத்தாலும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ட்யூனரைப் பாருங்கள். சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கேப்போ கிளிப்பைப் போட்ட பிறகும் ஒருமுறை.

பின்னணி இசை ட்ராக்கோடு சேர்ந்து வாசிப்பவர்கள் ப்ளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். அது பத்தில் ஒரு நொடியிலிருந்து ஐந்தில் ஒரு நொடி வரை தாமதித்துத்தான் ஒலிக்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் கால் அடி என்பதே 125 மில்லிநொடி. காதில் தாளத்தோடு ஒட்டித்தான் வாசிப்பீர்கள். சேர்த்துப் பார்த்தால் தாளம் முன்னால் போக நீங்கள் பின்னால் ஓடுவீர்கள். ஒயர் உள்ள பழைய ஹெட்ஃபோன் போதும். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தால், தொடக்கத்தில் கேமராவைப் பார்த்து ஒருமுறை கைதட்டிவிடுங்கள். கை சேரும் சட்டத்தையும், ஒலியின் அலைவரைவில் அந்தத் தட்டு முள்போல் எழும் இடத்தையும் ஒட்டினால் வாயும் பாட்டும் பொருந்தும். சத்தத்தை 48,000 ஹெர்ட்ஸில் பதியுங்கள், வீடியோவின் வழக்கம் அதுதான். நீளமான பாட்டென்றால் முடிவிலும் ஒரு தட்டு. போன் சட்டங்களைச் சீராக எடுக்காததால் கடைசி நிமிடத்தில் மெல்ல விலகும்.

சட்டைப் பொத்தான், வளையல், கிறீச்சிடும் நாற்காலி, தாளம் போடும் செருப்பு: எல்லாம் மைக்குக்கு வாத்தியம். டீ-சர்ட், வெறுங்கால், சமையலறை ஸ்டூல்.

பொத்தானை அழுத்தியதும் ஐந்து நொடி சும்மா உட்காருங்கள். முடிவிலும் அப்படியே. என் பழைய வீடியோக்கள் எல்லாவற்றிலும் கடைசிக் கார்டு அடங்குவதற்குள் என் உள்ளங்கை லென்ஸை நோக்கிப் பாய்கிறது. இப்போது கடைசிக் கம்பி ஓயும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அந்த ஐந்து நொடிக்குள்ளும் ஹாடீடா வந்துவிட்டது. சுருதி சேராததால் வெட்டிவிட்டேன்.