நோட்பேட் பிளஸ் பிளஸை மூல நிரலிலிருந்து பில்ட் செய்து டிபக் செய்யும் முறை

திறமூல விண்டோஸ் மென்பொருள் ஒன்றைப் பில்ட் செய்வதைவிட (அதாவது, மூல நிரலை இயங்கு கோப்பாக மாற்றுவதைவிட), திரையில் ஓடுவது நாம் பில்ட் செய்த பிரதிதானா என்று உறுதிசெய்துகொள்வதே கூடுதல் கவனம் வேண்டும் வேலையாகும். அதை மனத்தில் வைத்து, கொழும்பில் தமிழில் தட்டச்சு செய்யும் பலரிடமும் இருக்கக்கூடிய உரைத்தொகுப்பியான நோட்பேட் பிளஸ் பிளஸை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இது சி பிளஸ் பிளஸில், விண்டோஸின் வின்32 ஏபிஐயை நேரடியாகப் பயன்படுத்தி எழுதப்பட்டது. எழுத்துகளைத் தாங்கும் பகுதி சின்டில்லா என்னும் தனி நூலகம்.

முதலில் விஷுவல் ஸ்டூடியோ 2022இன் கம்யூனிட்டி பதிப்பை நிறுவி, அதில் சி பிளஸ் பிளஸ் டெஸ்க்டாப் தொகுப்பை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதுவே பல ஜிகாபைட் தரவிறக்கம். மாத டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள், நிறுவியின் லேஅவுட் வசதியால் ஒருமுறை இறக்கி வெளி வன்தட்டில் வைத்துக்கொண்டால், வெள்ளவத்தையில் இறக்கியதைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பரும் பயன்படுத்தலாம்.

மூல நிரலை ஸிப் கோப்பாக இறக்காமல், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் மூலம் குளோன் செய்யுங்கள் (வரலாற்றுடன் முழுப் பிரதி எடுங்கள்). எந்த வரியை எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற வரலாறு ஸிப்பில் வராது. அன்றாடம் மாறும் முதன்மைக் கிளையை விடுத்து, வெளியிடப்பட்ட பதிப்பு ஒன்றின் டேக்கை (அப்பதிப்புக்கு இட்ட அடையாளப் பெயரை) எடுப்பது நல்லது. சி டிரைவின் வேரிலேயே சிறு ஆங்கிலப் பெயருடன் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதில் வையுங்கள். 260 எழுத்துகளைத் தாண்டும் பாதைகளும், தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புறைகளும் சில பழைய கருவிகளுக்கு இன்றும் ஒத்துவருவதில்லை.

குளோன் செய்த மூல நிரலின் பவர் எடிட்டர் கோப்புறைக்குள் விஷுவல் டாட் நெட் என்றொரு கோப்புறை உண்டு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே டாட் நெட் நிரல் ஏதும் இல்லை. அங்குள்ள சொல்யூஷன் கோப்பைத் திறந்து, மேற்பட்டையில் டிபக், எக்ஸ்64 ஆகிய இரண்டையும் தெரிந்து பில்ட் செய்யுங்கள். சின்டில்லாவும் அதன் துணையான லெக்சில்லாவும் தாமாகவே சேர்ந்து பில்ட் ஆகும் என்பதால் முதல் தடவை சற்று நேரமெடுக்கும். பிழைகள் வந்தால் எரர் லிஸ்ட் பட்டியலை விட்டுவிட்டு அவுட்புட் சாளரத்தில் முதலாவது பிழையை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. எம்எஸ்பி 8020 என்று வந்தால் திட்டம் கேட்கும் கருவித்தொகுப்பு உங்களிடம் இல்லை. எல்என்கே 1168 என்று வந்தால், முன்னர் ஓடவிட்ட பிரதி இன்னும் மூடப்படாததால் இயங்கு கோப்பை இறுதியாக ஆக்கும் லிங்கரால் அதன்மேல் எழுத முடியவில்லை.

அடுத்து, பில்ட் செய்ததை டிபக்கருக்குள் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவிக்குள்) ஓடவிட எஃப்5 விசையை அழுத்தத் தோன்றும். நானும் அப்படியே அழுத்தி ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். டிபக்கர் தொடங்கி, நொடியில் 0 என்ற வெளியேற்றக் குறியுடன் முடிந்தது. ஆனால் நோட்பேட் பிளஸ் பிளஸ் சாளரம் என் கண் முன்னே திறந்திருந்தது. நான் வைத்த ப்ரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய வரியில் இடும் குறி) எதிலும் அது நிற்கவில்லை. காரணம் எளியது. இந்த மென்பொருள் தொடங்கும்போது மியூடெக்ஸ் (ஒரு பிரதி ஏற்கெனவே ஓடுவதைக் காட்டும் விண்டோஸ் பூட்டு) ஒன்றைக் கொண்டு, வேறு பிரதி ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் விலகிவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தது முன்பே நிறுவி வைத்திருந்த பழைய பிரதியை. புரொஜெக்ட் பண்புகளில் டிபக்கிங் பகுதிக்குச் சென்று, கட்டளை வாதமாக ஒரு கழிக்குறியும் மல்டிஇன்ஸ்ட் என்ற சொல்லும் இட்டால் (இன்ஸ்டின் முதலெழுத்து பெரிய எழுத்து) இச்சிக்கல் தீரும். அத்துடன், பில்ட் ஆன இயங்கு கோப்பின் அருகில் டூலோக்கல்கான்ஃப் என்னும் எக்ஸ்எம்எல் கோப்பொன்றை வெறுமையாக வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோதனைப் பிரதி ஆப்டேட்டாவில் (பயனரின் அமைப்புகள் இருக்கும் விண்டோஸ் கோப்புறையில்) உள்ள அன்றாட அமைப்புகளையும் சேமிக்காத தாள்களையும் எடுத்து விளையாடத் தொடங்கும். ப்ரேக்பாயிண்ட் சிவப்பாக நிறையாமல் வெறும் வளையமாகத் தெரிந்தால், மொடியூல்ஸ் சாளரத்தில் இயங்கு கோப்பின் பாதையையும் சிம்பல் (இயங்கு கோப்பை மூல நிரலின் வரிகளோடு பொருத்தும் தகவல்) ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

இனி ஒரு சிறு புதிரைத் துரத்துவோம். புதிய யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தாளில் ‘கொழும்பு’ என்று மட்டும் தட்டுங்கள். கண்ணுக்கு 4 எழுத்துகள். கீழ்ப்பட்டையில் நீளம் 24 என்று இருக்கும். சொல்லைத் தெரிவுசெய்தால் அதே பட்டை 8 என்கிறது. பிழையா? நோட்பேட் பிளஸ் என்னும் முதன்மை வகுப்பில் உள்ள அப்டேட்-ஸ்டேட்டஸ்-பார் செயற்கூற்றில் ப்ரேக்பாயிண்ட் வைத்தால் விடை கிடைக்கும். ஆனால் தட்டச்சுக் கர்சர் அசையும்போதெல்லாம் அது அழைக்கப்படுவதால், நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் டிபக்கர் வழிமறிக்கும். ஆகவே நீளம் 24 ஆகும்போது மட்டும் நிற்குமாறு நிபந்தனை இடுங்கள்; அல்லது நிற்காமல் மதிப்பை மட்டும் அவுட்புட்டில் எழுதும் ட்ரேஸ்பாயிண்டாக மாற்றுங்கள். எஃப்11ஆல் உள்ளே இறங்கினால், நீளம் சின்டில்லாவிடமிருந்து பைட்டுக் கணக்காக வருவதும், தெரிவின் அளவு யூனிகோட் குறிகளின் கணக்காக வருவதும் தெரியும். க, ொ, ழ, ு, ம, புள்ளி, ப, ு என 8 குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு. (இதே சொல்லை, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் 7 பைட்டுதான், அதனால்தான் பழைய ஆவணங்களின் எண்ணிக்கை எதனுடனும் ஒத்துப்போவதில்லை.)

அந்தப் பைட்டுகளைக் கண்ணால் பார்க்க, தேடல் பெட்டியில் ‘கொழும்பு’ என்று இட்டு, சின்டில்லா எடிட் வியூ வகுப்பின் சேர்ச்-இன்-டார்கெட் செயற்கூற்றில் நிறுத்துங்கள். உள்ளே வரும் அகல எழுத்துச் சரம் (விண்டோஸின் 16 பிட் யூனிகோட் வடிவம்), மாறிகளின் மதிப்பைக் காட்டும் வாட்ச் சாளரத்தில் தமிழாகவே தெரியும். அதிலிருந்து மாற்றப்பட்ட பைட்டுச் சரமோ கிறுக்கலாகத் தோன்றும். பலர் இந்த இடத்தில், எழுத்து உடைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாறியின் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளியும் சிறிய எஸ் எழுத்தும் 8உம் சேர்த்தால் வாட்ச் சாளரம் அதை யூடிஎஃப்-8 எனப் படித்துத் தமிழைக் காட்டும். ஒவ்வொரு பைட்டாக விரித்தால் தொடக்கத்தில் -32, -82, -107 என்று இருக்கும். 224, 174, 149 ஆகிய எண்களே, கழிக்குறியையும் ஏற்கும் 8 பிட்டு எண்களாகப் படிக்கும்போது இப்படி ஆகின்றன; அவை மூன்றும் சேர்ந்து ‘க’.

நீளத்தைப் பைட்டிலிருந்து குறிகளுக்கு மாற்ற விரும்பினால், சின்டில்லாவின் கவுண்ட்-கேரக்டர்ஸ் செய்தியை 0 முதல் ஆவணத்தின் இறுதிவரை அனுப்பினால் போதும். ஓரிரு வரி மாற்றத்துடன் பட்டையில் 8 வந்துவிடும். 4 வரவேண்டுமென்றால் வேலை பெரிது. உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள மெய்யுடன் சேர்த்து எண்ண வேண்டும். அதற்கு விண்டோஸின் யூனிஸ்க்ரைப் நூலகத்தில் உள்ள ஸ்கிரிப்ட்-பிரேக் செயற்கூற்றிலிருந்து தொடங்கலாம். சோதிக்கும்போது ‘ஸ்ரீலங்கா’ என்ற சொல்லையும் இட்டுப் பாருங்கள். ஸ்ரீ என்பதை ‘ஸ’ கொண்டும் எழுதலாம், ‘ஶ’ கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவில் தோன்றும், தேடலில் ஒன்றை இட்டால் மற்றது அகப்படாது.