புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளின் நாள்பட்ட வலி: ஆய்வை எப்படி அமைப்பது

முதலில் வரையறை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியே நாள்பட்ட வலி. சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் ஆனவர்களைச் சேர்ப்பீர்கள் என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்.

ஆட்களை வலி கிளினிக்கில் மட்டும் தேடாதீர்கள்; அங்கே எல்லோருக்கும் வலி இருக்கும், விகிதம் ஊதிப் பெருத்துவிடும். தொடர் பரிசோதனைக்கு வரும் எல்லோரையும், வலி இல்லாதவர்களையும் சேர்த்து, வரிசையாகக் கேளுங்கள்.

சிகிச்சைப் பதிவேட்டை ஞாபகத்திலிருந்து நிரப்ப விடாதீர்கள். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் மொத்த அளவு முக்கியம். அது நரம்பைப் பாதித்திருந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுத்தவருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ வலி என்றால், ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்திருக்கலாம். கால் அகற்றப்பட்டவருக்கு இல்லாத காலிலும் வலிக்கலாம். இவற்றை ஒரே கணக்கில் போட்டால் எதுவும் தெளியாது.

எட்டு வயதுக்கு மேல் பிள்ளையே பதில் சொல்லட்டும். உடல் படத்தில் வலிக்கும் இடத்தை நிழலிடச் சொல்லி, 0 முதல் 10 வரை மதிப்பெண் கேளுங்கள். கடந்த 7 நாளில் தூக்கம், பள்ளி, விளையாட்டு எவ்வளவு கெட்டது என்பதும் வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் வலியைக் குறைத்துச் சொல்லலாம். பெற்றோர் படிவத்தைத் தனியாக வாங்குங்கள். “நோய் திரும்பிவிட்டதோ” என்ற பயத்தையும் அளவிடாமல் விடாதீர்கள்.

இரவில் எழுப்பும் புதிய வலி, வீக்கம், காரணமில்லாத எடை குறைவு தெரிந்தால் படிவம் காத்திருக்கட்டும். அன்றே புற்றுநோய் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். அந்தத் தகவலை யார் சொல்வது என்பதை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.